சில்லறை இருக்கா?

நம் நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என்று நாலு ஊரில் நாணயச் சாலை வைத்து அரசாங்கம் அடித்துத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. அடித்த காசெல்லாம் நேராக நம் வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் மேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஒரு ரூபாய்க் காசு. சாமி அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது திருப்பதிக்கு; தொட்டால் தெய்வ குத்தம். பையனுடைய மண் உண்டியலைத் தொட்டால் ஊரையே கூட்டிவிடுவான். வாஷிங் மெஷினுக்குள் எந்நேரமும் ஒரு ஐந்து ரூபாய் உருண்டுகொண்டிருக்கும். இத்தனையும் வைத்துக்கொண்டு, வாசலில் கீரைக்காரம்மா வந்து நின்றதும் வீடே ஒரே குரலில் சொல்லும்: "சில்லறை இல்லையேம்மா!"

ஒரு ரூபாய் நாணயம் அடிக்க ஒரு ரூபாய் பதினோரு காசு செலவாகிறது என்று 2018-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்குப் பதில் வந்தது. அரசாங்கம் கைநஷ்டப்பட்டு அடிப்பதை நாம் பாட்டிலில் போட்டு மூடிவைக்கிறோம். காரணம் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். சில்லறை யார் கையில் இருக்கிறதோ அவர் கை ஓங்கிவிடும். அந்தப் பிடியை விட யாருக்குத்தான் மனசு வரும்?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் டவுன் பஸ் கண்டக்டர்கள். பதினைந்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினால் ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். பிறகு டிக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் 35 என்று கிறுக்கிக் கொடுப்பார். அதோடு ஜன்னலோர சீட்டின் சுகம் போய்விடும். கண் முழுக்க அவர் தோள் பையிலேயே இருக்கும். பையோ குலுங்கிக்கொண்டே போகும்.

ஒருமுறை இறங்கும்போது நினைவுபடுத்தினேன். "நீங்களும் அந்தப் பச்சைச் சட்டையும் சேர்ந்து மாத்திக்கங்க" என்று ஒரே ஒரு ஐம்பது ரூபாய்த் தாளைக் கையில் திணித்துவிட்டு விசில் ஊதிவிட்டார். மூலை கிழிந்திருந்தது, நான் கொடுத்த அதே தாள். எனக்கு 35, பச்சைச் சட்டைக்கு 15. முன்பின் தெரியாத இருவர் ஒரு தாளால் கட்டுண்டு நடுரோட்டில் நின்றோம். ஆளுக்கொரு டீ குடித்தால் மாற்றித் தருவதாக டீக்கடைக்காரர் சொன்னார். குடித்தோம். டீ பன்னிரண்டு ரூபாய் போக அவர் பங்குக்கு மூன்று ரூபாய் வந்தது. "எனக்கு டீ பழக்கமே இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழக அரசு அறிவித்தது. எல்லோரும் அதை மகளிர் நலத் திட்டம் என்றார்கள். கண்டக்டர் பக்கமாக நின்று பாருங்கள். சில்லறைத் தகராறில் பாதியை ஒரே கையெழுத்தில் தீர்த்த திட்டம் அது.

இல்லாத சில்லறைக்கு இத்தனை பாடு என்றால், இருக்கிற சில்லறையை வேண்டாம் என்பது தனிக் கூத்து. பத்து ரூபாய் நாணயத்தை நீட்டிப் பாருங்கள்.

"இது செல்லாதுங்க."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

பத்து ரூபாய் நாணயத்தில் 14 வடிவங்கள் உண்டு, பதினாலும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கையே விட்டது. அதை எங்கள் பெட்டிக்கடைக்காரரிடம் சொன்னேன். "ரிசர்வ் பேங்க் கவர்னரா சார் எங்கிட்ட வெத்தலை வாங்குறாரு?" என்றார். கவர்னர் வாங்கினால் கவர்னரிடம் தள்ளிவிடலாம். நம்மிடம் வாங்கினால் கடைக்காரர் யாரிடம் தள்ளுவார்? சீட்டுக்கட்டில் கழுதை ஆட்டம் ஆடுவதுபோல, கடைசியில் யார் கையில் நிற்கிறதோ அவர் கழுதை.

இந்த ஆட்டத்தில் ஒருவர் மட்டும் எதிர்த்து நின்றார். தர்மபுரி மாவட்டத்துக்காரர். 2022-ல் ஆறு லட்சம் ரூபாய்க்குப் பத்து ரூபாய் நாணயமாகவே கொட்டி ஒரு கார் வாங்கினார். அறுபதாயிரம் காசு. ஒன்று 7.71 கிராம் என்று கணக்குப் போட்டால் மொத்தம் நானூற்று அறுபது கிலோவுக்கு மேல். கார் வாங்குவதற்கு முன்னால் லோடு ஆட்டோ வேண்டும். ஒரு பரிவர்த்தனையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் நாணயமாக வாங்கிக்கொள்ளக் கட்டாயமில்லை என்கிறது 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம். ஆனாலும் ஷோரூம்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் எண்ணி முடித்தபோது எப்படியிருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

கொஞ்சம் பின்னால் போனால், இந்தச் சில்லறைக் கலவரத்துக்கு நடுவில்தான் 2016 நவம்பர் 8 வந்தது. ஐநூறும் ஆயிரமும் ராத்திரியோடு ராத்திரியாகச் செல்லாமல் போயின. எத்தனையோ வீடுகளில் அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் இருந்த சிறுவாடு வெளியே வந்தது. "உனக்கு ஏதுடி இவ்வளவு?" என்ற கேள்வி தெருத்தெருவாகக் கேட்டது. பதிலாக வந்த இரண்டாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பிறந்த யூபிஐக்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

யூபிஐயைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பதினேழு ரூபாய் என்றால் பதினேழு ரூபாய். மிச்சத்துக்கு மிட்டாய் கொடுத்த மளிகைக்கடைகளும், அதே மிச்சத்துக்கு இருமல் மிட்டாய் கொடுத்த மெடிக்கல் ஷாப்புகளும் கை ஓய்ந்தன. ஒரே தொந்தரவு, அந்தப் பேசும் பெட்டி. டாக்டர் எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று சொல்லியிருக்கும் நேரத்தில் மறைவாக நின்று இரண்டு பஜ்ஜி தின்றால், "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று தெருமுனை வரை அறிவிக்கிறது.

ஆனால் போனில் சார்ஜ் போன அன்று பாருங்கள், பழைய பேய் திரும்ப முருங்கைமரம் ஏறிவிடும். ஐநூறை நீட்டினேன். கடைக்காரர் கல்லாவையே என் பக்கம் இழுத்துக் காட்டினார். ரப்பர் பேண்டும் ஒரு முருகன் படமும்தான் இருந்தன. "எல்லாரும் போன்லயே போட்டுடுறாங்கண்ணே. சில்லறை எப்படி சேரும்?" நியாயம்தான். ஏடிஎம்மும் ஐநூறாகத்தான் துப்புகிறது. 2026 மார்ச்சுக்குள் 90 சதவீத ஏடிஎம்களில் நூறோ இருநூறோ வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவே போட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 2023-ல், கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் காசு கொட்டும் இயந்திரங்களை 12 நகரங்களில் சோதித்துப் பார்ப்பதாகவும் அறிவித்தது. காசே வேண்டாம் என்பதற்காக வந்த போனை நீட்டித்தான் இனிமேல் காசு வாங்க வேண்டும்.

இப்படி எல்லோர் கையும் இறங்கியதில் எனக்கு வருத்தமில்லை. கண்டக்டர் இறங்கட்டும், கடைக்காரர் இறங்கட்டும். பிள்ளையார் கோயில் வாசலில் பூ விற்கும் பாட்டி விஷயத்தில்தான் இடிக்கிறது. கூடை விளிம்பில் லேமினேட் செய்த கியூஆர் அட்டை தொங்குகிறது. இரண்டு முழம் மல்லிக்கு ஸ்கேன் செய்தேன். ஏதோ ஆண் பெயர் வந்தது.

"யாரு பாட்டி இது?"

"எம் பேரன். எனக்கு ஏது தம்பி பேங்கும் போனும்?"

"காசு உங்களுக்கு வந்து சேருதா?"

"ராத்திரி கேட்டா குடுப்பான். 'எதுக்கு ஆயா?'ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டுக் குடுப்பான்."

காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்து கட்டிய பூவுக்கு, ராத்திரி விளக்கம் சொல்லிக் கூலி வாங்க வேண்டியிருக்கிறது. பாட்டி கூடையைச் சற்று என் பக்கம் நகர்த்திக் குரலைத் தணித்தாள்.

"சில்லறையா வெச்சிருந்தா குடு தம்பி. ரெண்டு விரக்கட கூட அளந்து தாரேன்."

"பத்து ரூபா காயினு வாங்குவீங்களா?"

"எந்தக் காசா இருந்தா என்ன? வெத்தலைக்காரி எங்கிட்ட வாங்கிக்குவா. அவளுக்கும் ஒரு பேரன் இருக்கான்."

வாங்கி, இடுப்பிலிருந்த சுருக்குப்பையில் போட்டு, கயிற்றை இறுக்கினாள். பெட்டி எதுவும் பேசவில்லை. ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டும் நடக்காததை, கழுதை ஆட்டத்தில் சீட்டு கைமாறுவதை, கோயில் வாசலில் இரண்டு கிழவிகள் முடித்துவைத்திருக்கிறார்கள். எங்கள் தெரு நிலவரப்படி இன்றைய தேதிக்கு ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் மதிப்பு, பத்து ரூபாயும் அதற்கு மேல் இரண்டு விரற்கடை மல்லிகையும்.