ஸ்காபரோத் தவிசாளர்

பிரதேச சபைத் தவிசாளரின் பெயரைக் கேட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் முழிப்பார்கள். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் தவிசாளரைக் கைக்குழந்தைக்கும் தெரியும். அவரை யாரும் தெரிவு செய்ததில்லை. ஊர் ஒன்றியத்தின் கனடாக் கிளைக்குத் தன்னைத் தானே தலைவராக்கிக்கொண்டவர். கூட்டங்கள் அவர் வீட்டு பேஸ்மென்றில் நடக்கும். எதிர்ப்பவருக்குத் தேத்தண்ணி கிடையாது.

1983 கலவரத்துக்குப் பிறகு புறப்பட்டவர். ஜேர்மனியில் கோப்பை கழுவி, கனடாவில் இரண்டு வேலை பார்த்து, தம்பிமாரை எடுப்பித்து, தங்கச்சிமாரைக் கரைசேர்த்து, கடைசியில் ஊரையே பாரமெடுத்துக்கொண்டார். பள்ளிக்கூட மண்டபம் அவர் காசு. வாசிகசாலைக் கூரையும் அவர் காசு. கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூசக் கொடுத்தார். எந்த வர்ணம் என்பதையும் அவரே சொன்னார். காலைக் கோப்பியோடு அமர்ந்து எங்கள் மாலைப் பூசையைக் கமராவில் பார்ப்பார். ஐயர் ஐந்து நிமிடம் பிந்தினால் ரொறன்ரோவில் இருந்து கோல் வரும்.

வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் இடமில்லை. அதை அவர் பெரிதாக எடுப்பதில்லை. ஒரு வோட்டை வைத்து என்ன செய்வது? அவர் கையில் ஊரின் ரெலிபோன் நம்பரெல்லாம் இருக்கிறது. வேட்பாளர்கள் நல்லூர் முருகனைக் கும்பிட்ட கையோடு அவரையும் வாட்ஸ்அப்பில் கும்பிடுவார்கள். ஊர்ச்சனம் எடுத்தால் கதை இப்படிப் போகும்:

“அண்ணை, குழாயில தண்ணி வருகுதில்லை. பெடியனுக்கும் வேலை இல்லை.”

“அதுகளைப் பிறகு பாப்பம். முதல்ல சமஷ்டி. ஒரு இஞ்சியும் விட்டுக்குடுக்கக் கூடாது!”

நக்கலடிப்பது சுகம். ஆனால் 2022இல் டொலர் இல்லாமல் நாடே பெற்றோல் வரிசையில் நின்றபோது இங்கே பல வீடுகளில் அடுப்பெரிந்தது இவர் போன்றவர்களின் காசில்தான். அதுவும் வங்கி வழியாக அல்ல, உண்டியலில் வந்த காசு. உண்டியல்காரர் வங்கியைவிடக் கூட விலை கொடுத்தார். அரசாங்கத்துக்கு ஒரு டொலரும் போகக்கூடாது என்ற கொள்கையும் அதிலேயே காப்பாற்றப்பட்டது. அதே காசுதான் காணி விலையையும் ஏற்றியது. உள்ளூர் வாத்தியார் ஒருவர் ஒரு பரப்பு வாங்க நினைத்தால் முதலில் கனடாவுக்குப் போய்வர வேண்டும்.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் இடி விழுந்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போயிற்று. தென்னிலங்கைக் கட்சி! ஸ்காபரோ வீடு வீடாக விசாரித்தது: “உங்களுக்கென்ன விசரோ?” எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “நாங்கள் போடேல்லை அண்ணை, பக்கத்து வீட்டுக்காரர்தான்.”

ஒரு கிழமை ஆகவில்லை. அப்படிக் காட்டிக்கொடுக்கப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரே அவருக்கு எடுத்தார். மைதானத்துக்கு லைற் போட வேணுமாம். தவிசாளர் அரை மணித்தியாலம் இனத்துரோகம் பற்றி விளக்கினார். மற்றப் பக்கத்தில் “ஓம் அண்ணை, ஓம் அண்ணை” என்ற சத்தம் மட்டும்.

“சரி, எவ்வளவு முடியுமாம்?” என்றார் கடைசியில். “அம்மான்ர பேர் மட்டும் பெரிசா வரவேணும்.”