பாலோ வழியா வாங்க, மாப்பிள்ளை

மாப்பிள்ளை, பள்ளி விடுமுறைக்கு நீங்க போட்ட பயணத் திட்டத்தை மகள் போன்ல அனுப்பினா. மூத்தவன் பையனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அருமையான திட்டம். கிள்ளான்ல காலை அஞ்சரைக்குக் கிளம்பி ஜொகூர் பாரு வரைக்கும் எங்க சாப்பிடணும், எங்க படம் எடுக்கணும், எங்க ஒண்ணுக்குப் போகணும், எல்லாத்துக்கும் மணி குறிச்சிருக்கீங்க. பிள்ளைங்க வயிறு அந்தத் திட்டத்தைப் படிச்சிருக்கான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

நீங்க கம்ப்யூட்டர் தட்டுறவங்க, நான் கித்தா மரத்துல பால் வெட்டினவன். யோசனை சொல்ற தகுதி எனக்கு ஏதுன்னு நினைக்கலாம். இனாமா வர்ற யோசனைதானே, கேட்டு வையுங்க.

முதல்ல ரோடு. நெடுஞ்சாலையில ஏறினா இறங்கற வரைக்கும் ரெண்டு பக்கமும் செம்பனை. அரை மணி நேரம் கழிச்சுக் கண்ணைத் திறந்தாலும் அதே செம்பனை. பாகோ ஓய்விடத்துல நிறுத்துவீங்க, அப்புறம் மாச்சாப் ஓய்விடத்துல நிறுத்துவீங்க. ரெண்டு இடத்துலயும் அதே நாசி லெமாக், அதே கக்கூஸ் வரிசை. வேகமாப் போகணும்னா அது சரி. ஆனா ஊர் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு ஊரே இல்லாத ரோட்டுல போறீங்களே, அதான் எனக்குப் புரியல.

பழைய ரோட்டுல வாங்க. தம்பின் தாண்டி, கிம்மாஸ் வர்றதுக்கு முன்ன, கெமென்சே பாலத்துக்கிட்ட ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. 1942 ஜனவரி 14ஆம் தேதி ஆஸ்திரேலியப் பட்டாளம் அங்க காட்டுல பதுங்கி இருந்துச்சு. ஜப்பான்காரன் சைக்கிள்ல கூட்டங்கூட்டமா வந்தான். நிறையப் பேரைத் தாண்ட விட்டுட்டுப் பாலத்தை வெடி வச்சுத் தகர்த்தாங்க. காசில்லாத காட்சி, பிள்ளைங்களும் வாயைப் பிளந்து கேக்கும். பாலம் உடைஞ்சும் ஜப்பான்காரன் பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரைப் பிடிச்சுட்டான். நீங்க இவ்வளவு திட்டம் போட்டும் அன்னைக்குள்ள ஜொகூர் பாரு போய்ச் சேருவீங்களான்னு எனக்குச் சந்தேகம்.

அப்படியே சிகாமட், லாபிஸ், யோங் பெங். யோங் பெங்ல மீன் உருண்டை சாப்பிடுங்க. அங்கிருந்து ஆயர் ஹீத்தாம் பக்கந்தான். 1994ல நெடுஞ்சாலை முழுசாத் திறக்கறதுக்கு முன்ன, கோலாலம்பூர் - சிங்கப்பூர் பஸ்ஸெல்லாம் அந்த நாற்சந்தியிலதான் நிக்கும். நடுராத்திரியிலயும் கடைங்க பகல் மாதிரி எரியும். பீங்கான் ஜாடி, கரடி பொம்மை, மரவள்ளி கிரிப்பே. உங்க அத்தை அங்க வாங்கின பீங்கான் சேவல் இன்னும் எங்க வீட்டு டிவி மேல நிக்குது. அது கூவாது, முட்டையும் விடாது, தூசி மட்டும் சேரும். ஆனா ஒரு பயணம் போனோம்னு சொல்றதுக்கு அதைவிட்டா எங்ககிட்ட வேற சாட்சி இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். தங்குற இடம்.

'குடும்ப அறை, அழகிய காட்சி'ன்னு ஒரு ஹோட்டலைக் குறிச்சு வச்சிருக்கீங்க. படத்தை நானும் பார்த்தேன். கட்டில் கப்பல் மாதிரி இருக்கு. மாப்பிள்ளை, பொண்ணு பார்க்க வந்தப்ப உங்க வீட்ல கொடுத்த போட்டோவும் நல்லாத்தான் இருந்துச்சு. போட்டோவுக்கும் நேருக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடணும்னு நாங்க அன்னைக்கே கத்துக்கிட்டோம்.

ஒரு தடவை ஒரு பட்டணத்துல, பேரு வேண்டாம், நானும் அத்தையும் மகனோட ஒரு ராத்திரி தங்கினோம். கவுண்டர்ல சாவிக்கு அம்பது வெள்ளி முன்பணம் வாங்கிக்கிட்டாங்க. சாவியோட விலை அஞ்சு வெள்ளி இருக்காது. அறையில ஜன்னல் இருந்துச்சு, திரையும் இருந்துச்சு. அத்தை ஆசையா திரையை விலக்கினா, ஒரு முழத் தூரத்துல பக்கத்துக் கட்டடத்துச் சுவர். அதுல பழைய ஏர்கான் தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கு. துண்டு அப்பளம் மாதிரி, வெளிச்சத்துல பிடிச்சா எதிர்ல நிக்கிறவர் முகம் தெரியும். கெண்டியில தண்ணி கொதிக்க வச்சா எறும்பு மேல மிதந்து வருது. கட்டில்ல மல்லாந்து படுத்தா கூரையில ஒரு அம்புக்குறி. மக்கா எந்தத் திசைன்னு முஸ்லிம் விருந்தாளிங்களுக்குக் காட்டுற கிப்லா அம்பு. அந்த அறையிலேயே நம்பிக்கையாச் சரியா இருந்தது அது ஒண்ணுதான். கதவுக்குப் பின்னால டுரியானுக்கும் மங்குஸ்தீனுக்கும் சிவப்புக் கோடு போட்ட படம். டுரியான் நாத்தம், மங்குஸ்தீன் கறை, தடை பண்றது நியாயந்தான். ஆனா அந்த அறையில ஏற்கனவே இருந்த நாத்தத்துக்கு நாலு டுரியான் உடைச்சிருந்தா புண்ணியமாப் போயிருக்கும்.

அதனால சொல்றேன். காசு கட்டறதுக்கு முன்ன அறையைப் பார்க்கணும்னு கேளுங்க. திரையை விலக்குங்க, குழாயைத் திறங்க, தலையணையை மோந்து பாருங்க. மகள் வெக்கப்படுவா, படட்டும். வாசல்ல நட்சத்திரமோ ஆர்க்கிட் பூவோ போட்ட தரப் பலகை இருக்கான்னும் பாருங்க. நட்சத்திரத்துக்கு எட்டாத சின்ன ஹோட்டலுக்கு அரசாங்கம் ஆர்க்கிட் தரம் கொடுக்குது. சுற்றுலா வரின்னு அறைக்கு ராத்திரிக்குப் பத்து வெள்ளி 2017 செப்டம்பர்லேருந்து வாங்கறாங்களே, அது வெளிநாட்டுக்காரங்களுக்கு. மலேசியருக்குக் கிடையாது. கவுண்டர்ல உங்க இங்கிலீஷை ரொம்ப அவுத்து விடாதீங்க, வெள்ளைக்காரர்னு நினைச்சுப் பில்லுல சேர்த்துடப் போறாங்க.

அமெரிக்காவுல கெம்மன்ஸ் வில்சன்னு ஒருத்தர் இருந்தாராம், பேரன் படிச்சுச் சொன்னான். 1951ல பொண்டாட்டி, அஞ்சு பிள்ளைங்களோட காடியில வாஷிங்டன் பார்க்கப் போயிருக்கார். வழியில எந்த மோட்டல்ல நின்னாலும் பிள்ளை தலைக்கு ரெண்டு டாலர் கூடக் கேட்டிருக்காங்க. அறையும் சகிக்கல. மனுஷனுக்கு வந்துச்சே கோவம், ஊருக்குத் திரும்பி அடுத்த வருஷமே மெம்பிஸ்ல சொந்தமா ஒரு மோட்டல் கட்டிட்டார். பிள்ளைங்களுக்குத் தனிக் காசு கிடையாது. அதான் ஹாலிடே இன். உங்களுக்கும் ஒவ்வொரு வருஷமும் அதே கோவம் வருது. நீங்க போன்ல ஒத்தை நட்சத்திரம் குத்திட்டுத் தூங்கிடறீங்க.

லெகோலேண்ட் வேணாம்னு நான் சொல்லல. 2012ல திறந்ததுலேருந்து பிள்ளைங்க கேக்குதுங்க, கூட்டிட்டுப் போங்க. நுழைவுக் கட்டணத்தை மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடறவன். ஜொகூர் பாருவுல கண்ணாடிக் கோயில் ராஜகாளியம்மனைக் கும்பிட்டுட்டு வாங்க. சுவர், தூண், கூரைன்னு எங்க பார்த்தாலும் கண்ணாடிச் சில்லு. உங்க முகம் ஆயிரம் துண்டாத் தெரியும், மகளுக்கு ஒரு முகமே போதும்னு இருக்கும். அப்புறம் குளுவாங் ரயில் நிலையக் காப்பிக்கடை, 1938ல ஆரம்பிச்சது. கரியில வாட்டின ரொட்டி, காயா, வெண்ணெய். காலையில சீக்கிரம் போங்க. எட்டு மணிக்கு மேல போனா ரொட்டியைவிட முதுகுதான் அதிகம் பார்ப்பீங்க.

குளுவாங் வரைக்கும் வந்தா எங்க பாலோவுக்கு அரை மணி நேரம். உங்க பட்டியல்ல அது மட்டும் இல்ல. 'பாலோவுல பார்க்க என்ன மாமா இருக்கு'ன்னு போன தடவை கேட்டீங்க. உண்மைதான், ஒண்ணுமில்ல. பெக்கோக்குக்கும் குளுவாங்குக்கும் நடுவுல ஒரு ரயில் நிலையம், ஒரு கடைத்தெரு, சுத்தியும் தோட்டம். படம் எடுத்துப் போட்டா ஒருத்தரும் லைக் போட மாட்டாங்க.

ஆனா எங்க வீட்டுக்குப் பின்னால நாலு கித்தா மரம் மிச்சம் இருக்கு. தோட்டமெல்லாம் செம்பனைக்கு மாறினப்புறமும் அந்த நாலை வெட்ட எனக்கு மனசு வரல. உங்க பிள்ளைங்க காடி டயரைப் பார்த்திருக்கு, பால் சொட்டிப் பார்த்ததில்ல. விடியறதுக்கு முன்ன, வெயில் ஏறாத குளிர்லதான் பால் நல்லா ஓடும். பழைய கோட்டுல காஞ்சு கிடக்கிற ஒட்டுப்பாலை முதல்ல உரிச்சு எடுக்கணும். அப்புறம் கத்தியைச் சாய்வா வச்சுப் பட்டையை மெல்லிசா சீவணும். ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலாப் போனா பால் வராது. வெள்ளையா ஒரு கோடு எழும்பி, வழிஞ்சு, தகரத்துல இறங்கி, மங்குல சொட்டும். சின்னவளை வெட்ட விடுறேன். நீங்க டார்ச் பிடிங்க.

எங்க வீட்லயும் குறை உண்டு, முன்னாடியே சொல்லிடறேன். கொசு இருக்கு. தண்ணி சூடா வராது. ஆனா ஜன்னலைத் திறந்தா வெளிய தெரியும், துண்டு துண்டா இருக்கும், சாவிக்கு முன்பணம் கிடையாது. டுரியானுக்குத் தடையும் கிடையாது.

ஒண்ணே ஒண்ணு. திட்டத்தை மாத்தி வெள்ளிக்கிழமை சாயந்திரம் கிளம்பிடாதீங்க. ஜொகூருக்கும் 2025 ஜனவரியிலேருந்து சனி, ஞாயிறுதான் லீவு, இப்ப எல்லாரும் ஒரே நாள்ல ரோட்டுல நிப்பாங்க. கிளம்பறதுக்கு முந்தின நாளே போன் போட்டுச் சொல்லிடுங்க. கோழியை ராத்திரியே கூடை போட்டுக் கவுத்து வைக்கணும். விடிஞ்சு வெளிய விட்டுட்டா எனக்குப் பிடிபடாது, அப்புறம் நீங்கதான் மாப்பிள்ளை துரத்தணும்.