ஈயம் இல்லாமல் மொகிலி மலை ஏறுமா?

அம்பாசிடர்காரர், பலமனேர்: 1974 மாடல் வண்டி. ஈயமில்லாத பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் போய்விடும் என்று மிரட்டுகிறார்களே?

இந்தியா முழுக்க ஈய பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரி 1-ஆம் தேதி. கால் நூற்றாண்டாக உங்கள் வண்டி குடிப்பதெல்லாம் ஈயமில்லாத சரக்குதான். மிரட்டுகிறவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து மொகிலி மலை ஏற்றுங்கள். பலமனேர் வருவதற்குள் வேறு பேச்சுக்கு மாறியிருப்பார்.

கல்லூரி மாணவர், சித்தூர்: பெட்ரோலில் ஈயத்தை ஏன் கலந்தார்கள்?

இன்ஜின் 'நாக்' அடிக்காமல், அதாவது பெட்ரோல் நேரம் தப்பி வெடித்துத் தட்டாமல் இருக்க. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த மருந்து அது. 1923-ல் டேட்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. மறுவருடம் நியூ ஜெர்சி ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். உடனே மிட்ஜ்லி நிருபர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தில் கை கழுவி, ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய வருடம்தான் அவரே ஈய நஞ்சு ஏறி ஓய்வெடுக்கப் போயிருந்தார்! 'நாக்' அடிப்பதை நிறுத்த எத்தனாலும் போதும் என்பது அப்போதே தெரியும். ஆனால் எத்தனாலுக்குக் காப்புரிமை கிடைக்காதே!

மெக்கானிக், குடியாத்தம்: வால்வு சீட்டுக்கு ஈயம்தான் காவல் என்று என் குரு சொன்னது பொய்யா?

உங்கள் குரு சொன்னது மெய். அம்பாசிடரின் பழைய 1489 சிசி இன்ஜினில் ஹெட்டு வார்ப்பிரும்பு. வால்வு சீட்டும் அதே இரும்பில் வெட்டியது. செக்கச்செவேலென்று காய்ந்த எக்ஸாஸ்ட் வால்வு வந்து மூடும்போது, கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளில் சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். திறக்கும்போது இரும்பைப் பிய்த்துக்கொண்டு வரும். பிய்ந்த துகள் வால்வு முகத்தில் உட்கார்ந்து சீட்டை அரைக்கும். ஈயம் எரிந்து படிந்த மெல்லிய பூச்சு இந்த ஒட்டலைத் தடுத்தது.

ஆனால் குரு ஒன்றைச் சொல்லாமல் விட்டார். இந்தத் தேய்மானம் பெரிதாக வருவது முழு பாரத்தோடு முழு வேகத்தில் நெடுநேரம் விரட்டும்போதுதான். 50, 60-ல் போகும் பெரியவரை அது அவ்வளவாகச் சீண்டாது. பலமனேர் வழியாகப் போடப்படும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையில் புதுக்கார்களோடு போட்டி போடுகிறவர் மட்டும் ஹெட்டுக்குப் பணம் எடுத்து வைக்கவும்.

இல்லத்தரசி, பங்காருபாளையம்: அப்பாவின் அம்பாசிடரில் டேப்பெட் சத்தம் தானாகவே அடங்கிவிட்டது. மலையில் மட்டும் கொஞ்சம் இழுவை குறைவு. சந்தோஷப்படலாமா?

வேண்டாம் தாயே! சீட்டு தேய்ந்தால் வால்வு மேலேறும், டேப்பெட் இடைவெளி சுருங்கும், சத்தம் குறையும். அடுத்தபடியாக வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரஷன் கசியும், வால்வு கருகும். இந்த வாரமே ஃபீலர் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் போடும் டேப்பெட்டுக்கு ஸ்பேனர் போதும். வாயடைத்த டேப்பெட்டுக்கு லேத்துப் பட்டறை வேண்டும்.

பத்மினி பிரியர், வேலூர்: என் பிரீமியர் பத்மினிக்கும் இதே கதியா?

பத்மினியின் ஹெட்டு அலுமினியம். அதில் நேரடியாக சீட்டு வெட்ட முடியாது என்பதால் தனி வளையம் பதித்தே ஆலையிலிருந்து வந்தது. நீங்கள் ராசிபலன் பக்கத்துக்குப் போகலாம்.

ஹெரால்டு வைத்திருப்பவர், சென்னை: ஸ்டாண்டர்டு ஹெரால்டு?

உங்கள் ஊரிலேயே செய்த வண்டி, ஹெட்டு வார்ப்பிரும்பு. இதற்காகவே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். வேறு வேலைக்குக் கழற்றும் அன்று, எக்ஸாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய சீட்டு வளையம் போடச் சொல்லுங்கள். ஒரே ஒருமுறைச் செலவு.

வாசகர், புங்கனூர்: தாத்தாவிடம் ஃபோர்டு மாடல் டி இருந்ததாம். அதற்கு ஈயம் போட்டார்களா?

மாடல் டி வந்தது 1908-ல். ஈய பெட்ரோல் வந்தது 1923-ல். தாத்தாவின் கார் பிறவி சைவம்.

டிரைவர், வி.கோட்டா: டேங்கில் நாப்தலீன் உருண்டை போட்டால் பிக்கப் கூடும் என்கிறார்கள்...

பலமனேர்ப் பக்கம் மார்கழி விடியலில் அது மறுபடி படிகமாகி கார்புரேட்டர் ஜெட்டில் உட்காரலாம். உருண்டையைப் பீரோவில் போடுங்கள், பட்டுப்புடவை பிழைக்கும்.

பணக்காரத் தம்பி, பெங்களூரு: அப்பாவின் அம்பாசிடருக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுகிறேன். நல்லதுதானே?

பெட்ரோல் பங்க்காரருக்கு நல்லது. அந்த இன்ஜினின் கம்ப்ரஷன் ஏழு சொச்சம்தான். சாதா பெட்ரோலே 91 ஆக்டேனுக்குக் குறையாது. ஆக்டேன் வேறு, வால்வு சீட்டுப் பாதுகாப்பு வேறு. சீட்டுக்கென்று பொட்டாசியம், பாஸ்பரஸ், மாங்கனீசு கலந்த மருந்துகள் பாட்டிலில் வருகின்றன, ஓரளவு பலனும் உண்டு. லேபிளைப் படித்து ஒன்றை மட்டும் வாங்குங்கள். இரண்டைக் கலக்கவே கூடாது.

வாசகர், குப்பம்: மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற ஹெரால்டு கிளம்ப மறுக்கிறது. பெட்ரோல் நாற்றம் வேறு. ஈயம் இல்லாத குறையா?

ஈயத்தை விடுங்கள், இன்றைய நிஜமான வில்லங்கம் எத்தனால். 20 சதம் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் பெங்களூருவில்தான் பிரதமர் தொடங்கி வைத்தார். 2025-க்குள் நாடெங்கும் அதுதான். எத்தனால் ஈரத்தைக் குடிக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டேங்க் அடியில் தனியாக இறங்கிவிடும். உங்கள் வண்டி இழுப்பது அந்த அடிச்சரக்கை.

நாற்றம்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. பழைய ரப்பர் ஓஸ், பெட்ரோல் பம்பு டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் எதுவும் எத்தனாலுக்காகச் செய்ததல்ல. ஊறும், இளகும், வெடிக்கும். சூடான மேனிஃபோல்டு மேல் ஒரு சொட்டு விழுந்தால் வண்டியே மிஞ்சாது. சாவியைத் தொடாதீர்கள். டேங்கை வடித்து, எல்லா ஓஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ஒரு தீயணைப்பான் வாங்கி சீட்டுக்கடியில் வையுங்கள். ஜெட்டையும் ஒரு அளவு பெரிதாக்கச் சொல்லுங்கள். எத்தனாலில் தெம்பு குறைவு, பழைய ஜெட்டில் கலவை மெலிந்து இன்ஜின் கொதிக்கும். எத்தனாலுக்கென்று வடிவமைக்காத கார்களில் மைலேஜ் 6–7 சதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணக்குக் காட்டியது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் டேங்கைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பதி: ஈயத்தை விரட்டிய புண்ணியவான் யார்?

பலர். உச்ச நீதிமன்றத்தில் வழக்காடிய எம்.சி. மேத்தா. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னையில் ஈயமில்லா பெட்ரோலைக் கொண்டுவந்த உத்தரவுகள். பெங்களூருவைச் சேர்ந்த ஆபிரகாம் ஜார்ஜின் அறக்கட்டளை பல நகரங்களில் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தது. பாதிப் பேருக்கு மேல் ஈயம் அளவு மீறியிருந்தது. படிப்பையும் புத்தியையும் தின்னும் நஞ்சு அது. நானும் பழைய கார் பைத்தியம்தான், ஐயா. ஆனால் ஒரு பிள்ளையின் மூளைக்கு விலையாக எனக்கு எந்த வால்வும் வேண்டாம்.

வாசகர், ஆம்பூர்: உலகில் எந்த பங்கிலாவது ஈய பெட்ரோல் கிடைக்குமா?

கடைசி நாடு அல்ஜீரியா. 2021 ஜூலையில் அதுவும் கையைக் கழுவியது. சின்ன பிஸ்டன் விமானங்கள் சிலவற்றுக்கு இன்னும் உண்டு. இறக்கை இருந்தால் சொல்லுங்கள்.

ஜீப் உரிமையாளர், மதனப்பள்ளி: 1968 மாடல் பெட்ரோல் ஜீப். 'விண்டேஜ்' பதிவு வாங்கினால் என்ன லாபம்?

2021 விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு 'விஏ' எழுத்தோடு தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போட என்று வெளியே எடுக்கலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்ற வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள்!