பங்களாவா, பார்சலா?

1991இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் மூண்ட பெருந்தீக்கு வீட்டைப் பறிகொடுத்த வில் ரைட் என்பவர், குடித்தனத்தை மறுபடி ஸ்தாபிக்கையில் உதித்த யோசனையை விருத்தி செய்து, 2000ஆம் ஆண்டில் ‘தி சிம்ஸ்’ என்னும் கணினி விளையாட்டாக வெளியிட்டாராம். அதன் பலனாக, ஒரகடத்தில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுப் படுக்க வேண்டிய அடியேன், அமெரிக்கர்களின் பழங்கால மரவீட்டுக்குப் பலகைச் சுவர் தயாரிக்கும் ஸ்திதிக்கு வந்திருக்கிறேன். உத்தரவு, அந்த விளையாட்டில் வீடு கட்டும் அண்ணன் மகளுடையது. “சித்தப்பா, எல்லாச் சுவரும் புத்தம்புதுசா இருக்கு, பழசா ஒண்ணு பண்ணிக் குடுங்க” என்றாள். உதிரிபாகத்தில் மயிரிழை கீறல் இருந்தாலும் கழித்துக்கட்டி ஜீவனம் நடத்துகிறவனுக்கு, வேண்டுமென்றே கீறல் போடுவது தர்ம விரோதமாகவே பட்டது.

மேற்பலகையின் அடிவிளிம்பு கீழ்ப்பலகையின் தலைமேல் படிந்து மழைநீரை வெளியே தள்ளும் அந்த அமைப்புக்குக் கிளாப்போர்டு என்று பெயர். நம் ஓட்டுக்கூரையை நிமிர்த்தி நிறுத்தினாற்போல் இருக்கும். கறையானுக்கு அஞ்சிச் செங்கல்லைச் சரணடைந்த காஞ்சிபுரம் ஜில்லாவில் அதற்கு மாதிரி ஏது? மரவேலைக்குப் பிரசித்தி பெற்ற பத்மநாபபுரம் அரண்மனைவரை போய்வர லீவும் கிடைக்காது என்று சோர்ந்திருந்த வேளையில், ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் நான் அன்றாடம் டீ குடிக்கும் கடையின் சுவரே கண்ணில் பட்டது.

வெளிநாட்டு இயந்திரங்களைச் சுமந்து வந்து, காயலான் கடையில் விலைபோன பேலட்டுகளைப் பிரித்து அடித்த பைன் பலகைச் சுவர் அது. ஒரு பலகையில் கோதுமைக் கதிர்ச் சின்னமும் ‘எச்.டி.’ என்ற எழுத்துகளும் பதிந்திருந்தன; மரத்துக்குள் ஒளிந்து பூச்சிகள் இலவசக் கப்பல் பிரயாணம் செய்யாதபடி, நடுமையம்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் சூடேற்றியாயிற்று என்பதற்கு அது சர்வதேச அத்தாட்சி. படம் பிடித்து, ஒரே துண்டைத்தான் விளையாட்டு சுவர் நெடுகத் திரும்பத் திரும்ப ஒட்டுமாகையால், இடது விளிம்பு வலது விளிம்போடு பிசிறின்றிப் பொருந்துமாறு மூன்று பகல் தூக்கத்தைத் தத்தம் செய்து இழைத்தேன். முத்திரையைத்தான் அழிக்க மறந்துவிட்டேன். மாளிகை முழுவதும் முழத்துக்கு முழம் ‘எச்.டி.’ என்று நின்றது.

“சித்தப்பா, இது பங்களாவா, பார்சலா?” என்றாள் குழந்தை.

முத்திரையில்லாத பலகை தேடி மறுநாள் போனால், சுவரில் சாத்திய தகரத் தகடுகளுக்கு நடுவே கடைக்காரர் அடிப்பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பலகை நெடுக மண்கோடு இழுத்து, உள்ளே பொருக்காக அரித்திருந்தது கறையான்.

“கப்பல்ல வர்ற பூச்சியக் கொன்னுட்டாங்க சார், நம்மூர்ப் பூச்சிக்கு யாரு சொல்றது?” என்றார்.

நான் எத்தனை பிரயாசைப்பட்டும் வரையமுடியாத பழமை அத்தனையும் அந்தப் பலகையில் இருந்தது. தகரத்தை நாளைக்கு அடித்துக்கொள்ளலாம் என்று அவரைக் கெஞ்சி, மண்ணில் குந்திப் படமெடுக்க ஆரம்பித்தேன். டீ ஆறிப்போயிற்று.