ஆண் துப்பாக்கி, பெண் துப்பாக்கி

துப்பாக்கி நமக்கு அஃறிணை. சுட்டது, வெடித்தது, முடிந்தது. பிரெஞ்சுக்காரனுக்கு அப்படியில்லை. ஆர்க்கெபியூஸ் என்ற பழந்துப்பாக்கி பெண்பால், அதற்குப் பின்னால் வந்த மூஸ்கே ஆண்பால். இந்த ஆண்சிங்கத்தின் பூர்வீகத்தைத் தோண்டினால், 'ஈ' என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லில் போய் முடிகிறது!

பிரெஞ்சுக் கடற்படை 300 டன் நாசகாரிக் கப்பல்களைக் கட்டி, அந்த வகைக்கே ஆர்க்கெபியூஸ் என்று பெயரிட்டது. அம்மா பெயரில் குடும்பம். அதில் மூஸ்கே, பிஸ்தோலே ஆண்பிள்ளைகள். கவண் என்று பொருள்படும் ஃப்ரோந்து பெண். முதல் உலகப்போர் நடந்த 1914 அக்டோபரில் மூன்றும் பினாங்கில்தான் காவல் இருந்தன.

28ஆம் தேதி விடிவதற்குள் பினாங்கின் ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்குள் நான்கு புகைபோக்கிகளோடு ஒரு கப்பல் நுழைந்தது. நான்காவது பொய், பிரிட்டிஷ் வேடம். முந்தைய மாதம் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன். ருஷ்யாவின் ஷெம்சுக் போர்க்கப்பல் நங்கூரமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. பெயருக்கு முத்து என்று பொருள். ருஷ்ய மொழியில் அதுவும் ஆண்பால். (நம் ஊரில் முத்து எந்தப் பாலுக்கும் பொருந்துவார்.) அதன் கேப்டன் செர்காசோவ் பிரபுவோ கரையில் இராத் தங்கல். டார்பிடோக்கள் பாய்ந்தன, முத்து கடலடிக்கே போய்ச் சேர்ந்தது.

ரோந்து முடித்துத் திரும்பிய மூஸ்கே, வெளியேறும் எம்டனுக்கு நேரே வந்து மாட்டிக்கொண்டது. பத்து மடங்குக்கு மேல் பெரிய எதிரி. ஆனாலும் சுட்டது, டார்பிடோவும் விட்டது. சில நிமிடங்களில் மூழ்கியது. எம்டனின் கேப்டன் முல்லர் நின்று நிதானமாக 36 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். கொளுத்துவதிலும் காப்பாற்றுவதிலும் மனுஷனுக்கு ஒரே ஒழுங்கு.

இலக்கணத்தில் பெரிய கூத்து எம்டனுடையதுதான். ஜெர்மானியருக்கு எம்டன் ஊராக இருந்தால் ஒன்றன்பால், கப்பலாக மிதந்தால் பெண்பால். நம்மவர் காதில் விழுந்ததோ 'அன்' விகுதி. அப்புறமென்ன? முருகன், கண்ணன், எம்டன்! கிடுக்கிப்பிடி அப்பாவும் எமகாதகக் கணக்குப்பிள்ளையும் எம்டன் ஆனார்கள்.

1914இல் சென்னைக் கரையோரப் பீரங்கிகளால் அந்தக் கப்பலைக் கீறக்கூட முடியவில்லை. 2006இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்கு வரிவிலக்கு வந்தது. அதற்காக 'எம்டன் மகன்' படம் 'எம் மகன்' ஆனது. 3,600 டன்னுக்கு மேல் கனத்த கப்பலில் 'டன்' மட்டும் கழன்றுவிட்டது.