நுனியிலதாம்லே சூட்சுமம்

ஏலே பேராண்டி, ஜெர்மனியில யேனா ஊருக்குப் போய் ஒளியை அடக்கப் போறியாம்லா! நல்லது. வீட்டுல ஒரு ஆட்டுக்குட்டியை அடக்கத் துப்பில்லாத பய ஒளியைத்தான் அடக்கணும்.

கெழவன் சொல்றதையும் கொஞ்சம் கேட்டுக்கோ. கண்ணாடி இழைக்குள்ள இருக்கிற வரைக்கும் ஒளி கோர்ங்கிற 8, 9 மைக்ரோமீட்டர் நடுப்பாதைக்குள்ள சமத்தா ஓடும். நுனியைத் தாண்டுச்சோ, கூத்து முடிஞ்ச கூட்டமாட்டம் கலைஞ்சிரும். நீ பெரிய சூரனாச்சே, கோர் வாய்மேலயே லென்ஸை ஒட்டிரலாம்னு பாப்பே. ஒட்டு, ஒட்டு. குவியம் மழுங்கிப்போய் நிக்கும். கூராக் குவியணும்னா, லென்ஸுக்கு வர்ற ஒளி முதல்ல அகலமா இருக்கணும்லே. அதுக்குத்தான் அங்கத்த லைப்னிஸ் நிறுவனத்துக்காரங்க, வேற கண்ணாடி இழைத்துண்டு ஒண்ணை நுனியில ஒட்டவச்சு ஒளியைப் பரவவிட்டாங்க. நல்லா விரிஞ்ச பிறகுதான் லென்ஸ். 2021-ல அந்த ஒத்தை இழையை வச்சே தண்ணிக்குள்ள ஈ.கோலை பாக்டீரியாவைக் குவிஞ்ச ஒளியாலேயே புடிச்சு நிறுத்திட்டாங்க. உன்னை ஒரு இடத்துல உக்காரவைக்க உங்கப்பனால இன்னும் ஆகலை.

அந்த லென்ஸை உளி வச்சா செதுக்குனாங்க? நுனியில ஒரு சொட்டு ரெசினை வச்சு, அதுக்குள்ள லேசரைக் குவிப்பாங்க. ரெண்டு ஃபோட்டானை ஒருசேர விழுங்குற அந்தப் புள்ளி மட்டும் இறுகும். புள்ளி புள்ளியா லென்ஸைக் கட்டி முடிச்சுட்டு, இறுகாத மிச்சத்தைக் கழுவி ஊத்திருவாங்க. ரெண்டு ரெண்டா விழுங்க முடியும்னு 1931-லயே கணக்குப் போட்டு எழுதிவச்சா மகராசி மரியா கோப்பர்ட்-மேயர். அன்னைக்கு லேசரே பொறக்கலை. நீ என்னடான்னா, மிஷின் வந்தாத்தான் யோசிப்பேங்கே.

இன்னொண்ணு. இப்படி நுனியில கட்டுற, வளையம் வளையமா வரி போட்டு ஒளியை மடக்குற தட்டை லென்ஸுக்குக் குணமே தலைகீழ். நான் பேப்பர் படிக்கிற கண்ணாடி நீலத்தைக் கிட்டக் குவிக்கும், சிவப்பைக் கொஞ்சம் தள்ளிக் குவிக்கும். தட்டை லென்ஸோ சிவப்பைக் கிட்ட இழுத்து, நீலத்தைத் தள்ளிவிடும். ஒரு நிறத்துக்குன்னு கணக்குப் போட்டு அச்சடிச்ச லென்ஸுல வேற நிறத்தை விட்டுட்டு, குவியத்தைக் காணோம்னு நடுராத்திரியில எனக்குப் போன் அடிக்காதே. நிறத்தை மாத்துனா குவியம் முன்னப் பின்ன நகரும்னு தெரிஞ்ச கெட்டிக்காரன், அதையே கைப்பிடியா வச்சு ஓட்டிக்குவான்.

நுனி மொத்தமே 125 மைக்ரோமீட்டர்தான். அதுல தூசி தெரிஞ்சா பழக்கதோஷத்துல சட்டை முனையால துடைச்சுராதே. தூசி போகுதோ இல்லையோ, லென்ஸு போயிரும்.