மீன்பெட்டி விமானி

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் சந்தைக்குப் போகிறவர்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மீன்கடை முன்னால் நிற்பார். தலபத்து என்ன விலை, சாளை என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். மீன் வந்திறங்கிய வெள்ளை ரெஜிபோம் பெட்டியைத்தான் தட்டிப் பார்ப்பார். மூடியை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கோணல் பார்ப்பார். பிறகு, "மீனு வேணாம் அண்ணே, பெட்டி மட்டும் குடுங்க" என்பார். மீன்காரருக்கு ஆள் பழக்கம். நல்ல மூடியாக நாலைந்தைக் கழுவாமல் எடுத்து வைத்திருப்பார்.

இவர்தான் தோட்டத்து விமானி. தோட்டத்துக்கு ஒருவர் நிச்சயம். ஸ்டோரில் ஃபிட்டராக இருக்கலாம், தலவாக்கலையில் போன் திருத்தும் கடையில் குந்தியிருக்கலாம், தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கலாம். தொழில் எதுவானாலும் அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி இறக்கை இருக்கும். வலது ஆட்காட்டி விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். அந்தப் பிளாஸ்டரைப் பற்றி விசாரிக்காமல் கடந்துபோகத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள்.

ரெஜிபோம் இலேசு, மலிவு, கத்திக்குச் சொன்னபடி கேட்கும். ஆனால் அதற்கு இரண்டு குணக்கேடுகள். ஒன்று, சுப்பர் குளூ பட்டால் கரையும். ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் இன்னும் வேகமாகக் கரையும். ஒவ்வொரு விமானியும் தன் முதல் இறக்கைக்குக் கிரிக்கெட் கிளப்பின் நிறத்தில் பெயின்ட் அடித்து, அது கண்ணெதிரே குழிவிழுந்து உருகுவதைப் பார்த்தபிறகுதான் சூட்டுப் பசைக்கும் கலர் டேப்புக்கும் வந்து சேர்கிறார். இரண்டாவது குணக்கேடு வாசனை. எத்தனை தடவை சவர்க்காரம் போட்டாலும் மீன்பெட்டி தன் பிறப்பை மறப்பதில்லை. விமானம் தரையில் தொட்டதும் முதலில் ஓடிவருவது பிள்ளைகள் அல்ல, லயத்து நாய்கள். காற்றில் தப்பிய இறக்கைகள் பல நாயிடம் மாட்டி முடிந்திருக்கின்றன.

மோட்டர் விஷயத்தில் அவர் படிப்படியாக முன்னேறியவர். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய மோட்டரில் தொடங்கினார். பிள்ளை அழுதது, விமானம் நகரவில்லை. பிறகு தாத்தாவின் கேசட் ரெக்கார்டர். தாத்தா அழவில்லை, ஆனால் இன்றுவரை பேசவில்லை. கேசட் மோட்டர் பாட்டுக்கு ஏற்ற நிதானத்தில் சுற்றும், பறப்பதற்கு அந்த நிதானம் ஆகாது. கடைசியில் யூடியூப் பார்த்து ஞானம் பெற்று, மூன்று வயர் வைத்த சீன மோட்டருக்கு ஓடர் போட்டார். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றும் சாதி அது. 11.1 வோல்ட் கொடுத்தால், சுமை இல்லாதபோது 11,100 சுற்று. அதில் 10 அங்குல விசிறியை மாட்டிவிட்டு, "சும்மா தொட்டுப் பார்த்தேன்" என்பார். விரல் பிளாஸ்டரின் கதை அவ்வளவுதான்.

சீனாவிலிருந்து மோட்டர் கொழும்புக்கு வருவது பெரிய காரியமில்லை. தோட்ட ஒபிசிலிருந்து கீழ்ப்பிரிவு லயத்துக்கு வருவதுதான் நீண்ட பயணம். லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்கள் எத்தனையோ. காகிதமும் பார்சலும் ஒபிசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது வரும். பார்சலின் மேல் 'விளையாட்டுச் சாமான்' என்று எழுதியிருக்கும். கிளார்க் ஐயா அதை நாலு பேர் நிற்கும் நேரமாகப் பார்த்து உரக்க வாசிப்பார். "பிள்ளைக்கா தம்பி?" என்று கேட்பார். "ஆமாங்க ஐயா" என்று தலையைச் சொறிவார் நம்மவர். பிள்ளை பிறக்க இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது.

பற்றரிக்குத் தனிக் கஷ்டம். லித்தியம் பற்றரியை விமானத் தபாலில் ஏற்ற ஆயிரம் கட்டுப்பாடு. விமானத்துக்கான பற்றரி விமானத்தில் வராது என்பதை அவர் உலக அநியாயங்களில் முதலாவதாக வைத்திருக்கிறார். ஆகவே செத்த லெப்டொப்களைத் தேடிப்போய், உள்ளேயிருக்கும் உருளைக் கலங்களில் மூன்றைத் தொடுத்து 11.1 வோல்ட் தேற்றுகிறார். அந்த மூன்றும் சேர்ந்து 135 கிராம் கனக்கும். இறக்கைகள் இரண்டும் சேர்ந்தே அவ்வளவு கனம் இல்லை.

கட்டியாகிவிட்டது. இனிப் பறக்கவிட வேண்டும். எங்கே? நுவரெலியா மாவட்டத்தில் சமதரை என்று ஒன்று கிடைத்தால் அதில் ஏற்கனவே கோயிலோ, பெரட்டுக்களமோ, பெரிய துரையின் பங்களாவோ இருக்கும். மிச்சமிருப்பது தோட்டத்துக் கிரவுண்ட். அதன் மூன்று பக்கமும் சரிவு, நாலாவது பக்கம் கிரிக்கெட். ஆகவே அவர் மலை விளிம்பில் நின்று கையால்தான் எறிகிறார். இந்த இடத்தில்தான் மலையகம் தன் பிள்ளைக்குக் கைகொடுக்கிறது. எறிந்த விமானம் ஓர் அடிகூட மேலே ஏற வேண்டாம், நேரே போனால் போதும், கீழே நிலம் தானாக இறங்கிக்கொள்ளும். "நானூறு அடி உயரத்தில பறந்திச்சு" என்று அவர் சொல்வதில் எள்ளளவும் பொய் இல்லை. அந்த நானூறு அடியையும் பள்ளத்தாக்கு கொடுத்தது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

பறக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும், விமானத்தை அல்ல. நம்மை விட்டுப் போகும் விமானத்துக்கு வலது வலதுதான். திரும்பி நம்மை நோக்கி வரும்போது வலது இடதாகிவிடும். ரிமோட் பிடித்த எவருக்கும் முதல் வருடம் முழுக்க இந்தக் குழப்பம்தான். இதற்கு அவர் கண்ட வழி, விமானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கழுத்தை மட்டும் பின்னால் திருப்பி, விமானம் சாய்ந்த பக்கமெல்லாம் தானும் சாய்வது. தூரத்தில் கொழுந்தெடுப்பவர்களுக்கு அவருக்குச் சாமி வந்ததுபோல் தெரியும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அப்படித்தான்.

விமானம் எங்கே விழும் என்பதைப் பொறுத்தவரை அவர் தேயிலையைக் கரைத்துக் குடித்தவர். கொழுந்தெடுத்து மட்டமாக இருக்கும் மலை அவருக்கு மெத்தை. செடியின் தலைமேல் வந்து படுத்தால் ஒரு கீறல் விழாது. கவ்வாத்து வெட்டிய மலையோ ஈட்டிக் கூட்டம். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டப்படும் அந்தக் கணக்கு, எந்த நம்பர் மலைக்கு எந்த மாதம் கத்தி வரும் என்பது வரை, சின்ன துரையைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும். சின்ன துரை விளைச்சலுக்காகக் கணக்குப் பார்க்கிறார். நம்மவர் விழுவதற்காகப் பார்க்கிறார்.

விழுந்ததைத் தேடப் போனால் அட்டை. மழை ஓய்ந்த மறுநாளானால் சொல்லவே வேண்டாம், ஒரு இறக்கைக்குப் பத்துக் கடி. ஆனால் பெரும்பாலும் அவர் தேட வேண்டியதில்லை. மறுநாள் காலை கொழுந்துக்குப் போகும் அக்காமார் மலை உச்சியிலிருந்து குரல் கொடுப்பார்கள்: "தம்பி! ஒன் ரெக்க ஒண்ணு ஏழாம் நம்பர்ல கெடக்கு! வாலு கானுக்குள்ள!" மூக்கு மட்டும் கிடைக்காது. விமானம் நேராகப் பறக்க வேண்டுமானால் பாரத்தின் நடுப்புள்ளி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால்வாசிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்காக அவர் மூக்குக்குள் ஐந்து ரூபாய்க் குற்றிகளை அடைப்பார். இது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஒருதரம் அப்படி வந்துசேர்ந்த விமானத்தைக் கொழுந்து மடுவத்துத் தராசிலேயே வைத்துப் பார்த்தார்கள். 640 கிராம் காட்டியது. "தண்ணிக்குக் கழிச்சா அறுநூறுதான் போடலாம்" என்றார் கணக்கப்பிள்ளை. வாழ்க்கையில் முதல் தடவையாக, நிறுவையில் கழித்ததற்காகக் கணக்கப்பிள்ளைக்கு ஒருவர் நன்றி சொன்னார். கனம் குறைந்தால் பறக்கும் அல்லவா?

ஆனால் கழித்தும் பறக்கவில்லை. இனிதான் அவருடைய உண்மையான திறமை வெளிப்படும். "காத்து மெலிசு" என்று தொடங்குவார். இதில் விஷயம் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறிக்குப் பிடிமானம் குறையும், இறக்கைக்கும் தூக்கல் குறையும். "இதையே கொழும்புல விட்டுப் பாருங்க!" என்பார். கொழும்புக்குக் கொண்டுபோய் காலிமுகத்திடலில் விட்டாலும் விழும். "கடக்காத்து, மோசமான காத்து" என்பார். விசிறி ஒரு பக்கம் சுற்ற உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கும், அதனால் மோட்டரைக் கொஞ்சம் வலப்பக்கமும் கொஞ்சம் கீழும் சாய்த்து மாட்ட வேண்டும் என்பது உண்மை. அந்தச் சாய்வு ஒரு பாகை கூடினால் ஒரு காரணம், குறைந்தால் ஒரு காரணம். மே பிறந்தால் தென்மேல் பருவக்காற்று, மஸ்கெலியாப் பக்கம் குடையே பறக்கும். ஜனவரியில் வெயில், ஆனால் விடுமுறை இல்லை. ஏப்ரலில் விடுமுறை, ஆனால் நுவரெலியாவில் சீசன் கூட்டம், கால் வைக்க இடமில்லை. எல்லாம் பொருந்திய நாளில் மலையிலிருந்து மூடுபனி இறங்கும். பனிக்குள் போன விமானம் விழுந்த சத்தத்தை வைத்துத்தான் திசை கண்டுபிடிக்க வேண்டும்.

காரணங்கள் தீர்ந்தால் சரித்திரம் இருக்கிறது. 1871இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் ரப்பரை முறுக்கி, விசிறி வைத்த சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். அவர் வடிவமைத்த மாதிரியில் செய்த பறக்கும் பொம்மை ஒன்றைத்தான் 1878இல் அமெரிக்காவில் ஒரு தகப்பன் தன் இரண்டு மகன்களுக்கு வாங்கிவந்தார். அந்த மகன்கள்தான் ரைட் சகோதரர்கள். 1903 டிசம்பர் 17ஆம் திகதி அவர்களுடைய முதல் பறப்பு வெறும் 12 வினாடி, 120 அடி. "நம்மது 14 வினாடி" என்று நிறுத்துவார். அதில் எத்தனை வினாடி விழுந்த நேரம் என்று கேட்பவர் அவருடைய நண்பர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்.

ஆனால் தோட்டத்தில் சில பெரியவர்கள் விமானப் பேச்சுக்குச் சிரிப்பதில்லை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்க வந்த மார்ட்டினெயார் டி.சி.8 விமானம், சப்த கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த மலையைப் பார்த்து நின்று நம்மவர் விளையாட்டு விமானம்கூட எறிவதில்லை. யாரும் சொல்லிக்கொடுத்த மரியாதை அல்ல அது.

அவருக்குப் புண்ணியத் தலம் காசல்ரீ நீர்த்தேக்கம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு செஸ்னா கரவன் மிதவை விமானம் அங்கே தண்ணீரில் இறங்கியிருக்கிறது. முன்னால் ஒற்றை விசிறி, மேலே நேர் இறக்கை, கீழே இரண்டு மிதவை. அதைப் பார்த்த நாள்முதல் தயிர்ச்சட்டி மூடி, பிளாஸ்டிக் போத்தல் என்று மிதக்கும் எதையும் அவர் வீட்டில் வீச விடுவதில்லை. அவர் கட்டிய மிதவை விமானம் தண்ணீரில் அருமையாக நின்றது. அங்கிருந்து எழும்பத்தான் மாட்டேன் என்றது. அதைப் படகு என்று சொன்னவர்களை அவர் மன்னிக்கவில்லை.

2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஆளில்லா விமானங்களைப் பறக்கவிடுவதைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை நிறுத்திவைத்தது. அவர் விமானத்தைச் சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார். முகத்தில் கவலையைவிடப் பெருமைதான் அதிகம். தன் விமானம் பறக்கக்கூடும் என்று முதல் தடவையாக ஒருவர் நம்பியிருக்கிறார், அதுவும் அரசாங்கம்!

அவருடைய வாழ்நாள் பெருமைக்குரிய நாள் மாரியம்மன் கோயில் திருவிழாதான். தேர்மேல் ஆகாயத்திலிருந்து பூத்தூவுவதாகக் கமிட்டியில் வாக்குக் கொடுத்தார். யோகட் கோப்பையில் செவ்வந்தி, அதைக் கவிழ்க்க ஒரு சர்வோ மோட்டர். எல்லாம் சரி. கோப்பையை இறக்கைக்குப் பின்னால் கட்டியதில் வால் கனத்துவிட்டது. விமானம் மூக்கைத் தூக்கி, ஒரு கணம் வானத்தைக் கும்பிட்டு, பூவோடு சேர்ந்து கமிட்டித் தலைவரின் மடியில் இறங்கியது. "சாமிக்குப் போடுறத எனக்குப் போட்டுட்டியேடா" என்றார் தலைவர், கொஞ்சம் மகிழ்ச்சியோடு. அந்த வெட்கத்தைக் கழிக்க அன்றிரவே அம்மன் தலைக்குப் பின்னால் சுழலும் கலர் விளக்குச் சக்கரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். உள்ளே இருப்பது பறக்க மறுத்த அந்தக் கேசட் மோட்டர். நிதானமாக, நேர்த்தியாக, நிற்காமல் சுற்றுகிறது. தாத்தாகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவரைப் பற்றிய தீர்ப்பும் அதிலேயே இருக்கிறது. அவர் கட்டிய விமானங்களில் உருப்படியாகப் பறந்தவை குறைவு. ஆனால் விழுந்ததையெல்லாம் பிரித்துப் பார்த்த கை அது. லயத்தில் மிக்சி நின்றால், ரைஸ் குக்கர் செத்தால், கோயில் ஸ்பீக்கர் கரகரத்தால், பிள்ளையின் போன் தண்ணீரில் விழுந்தால், ஹட்டனுக்கு பஸ் ஏறுமுன் எல்லாரும் அவர் இஸ்தோப்பில்தான் வந்து நிற்கிறார்கள். கூலி கேட்க மாட்டார். திருத்த முடியாததை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்பார். எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் தோட்டத்து விமானிக்குப் பழைய லெப்டொப் இருந்தால் கொடுங்கள். மீன் வாங்கினால் பெட்டி மூடியைக் கேட்டு வாங்கி வாருங்கள். கிரிக்கெட் விளையாடும் தம்பிமார் ஞாயிறு காலை ஒரு மணிநேரம் கிரவுண்டை விட்டுக்கொடுங்கள். ஏன் விழுந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் ஹட்டனுக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விடும்.